ஈட்டியோடு வந்த மாலுமி

புழுதித் தெருவின் நடுவே ஒரு நெட்டை ஆள் நடந்து போகிறான். இரண்டு பக்கமும் மரவீடுகள். கொஞ்சம் தள்ளி ஊர்ஜனம் பின்னாலேயே வருகிறது. எதிரே கறுப்பு உடையில் ஒருவன் இடுப்புத் துப்பாக்கியோடு காத்திருக்கிறான். இதுவரை நூறு படங்களில் பார்த்ததுதான். ஆனால் நெட்டை ஆளிடம் துப்பாக்கி இல்லை. தோளில் நீளமாக ஏதோ சாய்த்து வைத்திருக்கிறான்.

"அப்பா, அது என்ன? கடப்பாரையா?" என்றாள் மகள்.

"திமிங்கிலம் பிடிக்கிற ஈட்டி."

"கௌபாய் படத்துல திமிங்கிலம் எங்க வரும்?"

நியாயமான கேள்வி. நானும் முதல் தடவை இந்தக் காட்சியைப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். படம் 'டெரர் இன் எ டெக்சாஸ் டவுன்'. 1958இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் வெளியிட்டது. கறுப்பு வெள்ளை, எண்பதே நிமிடம். பத்து நாளில், சுமார் 80,000 டாலரில் எடுத்து முடித்ததாக இயக்குநர் ஜோசப் எச். லூயிஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஹாலிவுட் கணக்கில் அது டீக்காசு.

நான் இந்தப் படத்தை நாலைந்து முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் முதல் ஐந்து நிமிடத்தில் சிரிப்பு வருகிறது. அப்புறம் எங்கோ நடுவில் அது நின்றுபோகிறது. எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்ததுதான் இந்தப் பதிவு.

எனக்கு வெஸ்டர்ன் பைத்தியம் பிடித்தது தியேட்டரில் இல்லை, காமிக்ஸில். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் வந்த இதழ்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிப் படித்த ஆள் நான். அரிசோனா எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத வயதிலேயே அங்கே எந்தப் பாறைக்குப் பின்னால் எத்தனை பேர் பதுங்கியிருப்பார்கள் என்று தெரியும். பிறகு ஜெய்சங்கர் குதிரையேறிய படங்கள், அதற்கும் பிறகு இத்தாலிக்காரர்கள் எடுத்தவை, கடைசியாக ஹாலிவுட். நம்மில் பலர் இந்த வரிசையில், பின்பக்கமாகத்தான் அங்கே போய்ச் சேர்ந்திருப்போம். போய்ச் சேர்ந்த பிறகு என் மனம் ஒட்டியது பெரிய படங்களில் அல்ல. ஜான் வெய்ன் முழு உயரத்துக்கு நிற்கும் அகலத் திரைக் காவியங்களை மதிக்கிறேன், சரி. திரும்பத் திரும்பப் பார்ப்பதென்னவோ சில்லறைக் காசில் எடுத்த குட்டிப் படங்களைத்தான்.

அந்தக் குட்டிப் படங்களின் பொருளாதாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பதுகளில் அமெரிக்கத் தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டும் வழக்கம் வேரூன்றியது. முதலாவது பெரிய படம். அதன் வசூலில் இத்தனை சதவீதம் என்று ஸ்டூடியோவுக்குப் பங்கு போகும். இரண்டாவது, பி படம். அதற்குப் பங்கு கிடையாது, ஒரே வாடகை. நூறு பேர் பார்த்தாலும் ஆயிரம் பேர் பார்த்தாலும் தயாரிப்பாளருக்கு வருவது அதே தொகைதான். வரவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் செலவை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். படம் நன்றாக வந்தால் கூடுதலாக ஒரு காசு வராது. ஒரு நாள் படப்பிடிப்பு இழுத்தால் லாபம் போச்சு.

இந்தக் கணக்குக்கு வெஸ்டர்னைப் போலத் தோதான சரக்கு வேறில்லை. வெயிலுக்குக் காசில்லை. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சிறிது தூரம் வண்டியோட்டினால் பாறையும் புதரும் கிடைக்கும். ஒரு தெருவைக் கட்டிவைத்தால் அதுவே வாரம் ஒரு ஊராகும். சன்செட் சாலையும் கோவர் தெருவும் சந்திக்கும் முனையில் கௌபாய் வேடத்திலேயே துணை நடிகர்கள் காலையில் வந்து வேலைக்கு நிற்பார்களாம். பக்கத்திலிருந்த சின்னக் கம்பெனிகள் ஆள் எடுத்துக்கொண்டு போகும். அந்த வட்டாரத்துக்கே 'வறுமை வரிசை' என்று பட்டப்பெயர். 1933க்கும் 1935க்கும் நடுவில் ஜான் வெய்ன் லோன் ஸ்டார் கம்பெனிக்கு மட்டும் பதினாறு படங்கள் நடித்துக் கொடுத்தார். அதற்குச் சற்று முன்பு வார்னருக்கு நடித்த ஆறு படங்களின் கதை இன்னும் வேடிக்கை. கென் மேனார்ட் என்பவர் நடித்த பழைய ஊமைப் படங்களின் சாகசக் காட்சிகள் வார்னர் கைவசம் இருந்தன. புதிதாக எடுப்பானேன்? வெய்னுக்கு மேனார்ட் மாதிரியே உடை மாட்டி, மேனார்டின் குதிரை மாதிரியே ஒரு வெள்ளைக் குதிரையைக் கொடுத்துவிட்டார்கள். தூரத்தில் பாய்வது மேனார்ட், பக்கத்தில் வந்து இறங்குவது வெய்ன். தைத்த தையலே தெரியாது.

ஜோசப் எச். லூயிஸ் இந்தப் பட்டறையில் வளர்ந்தவர். முதலில் எடிட்டர். பிறகு யுனிவர்சலிலும் கொலம்பியாவிலும் வரிசையாகப் பி வெஸ்டர்ன்கள் இயக்கினார். அவருக்கு 'வண்டிச்சக்கர ஜோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். கதை ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, நடிகருக்கு முகம் அசைவதில்லை, என்ன செய்வது? ஒரு வண்டிச்சக்கரத்தை எடுத்துக் கேமராவுக்கு முன்னால் வைத்துவிடுவார். ஆரங்களுக்கு நடுவே ஆட்கள் நின்று பேசுவார்கள். பார்ப்பவனுக்கு வசனம் நினைவிருக்காது, படம் நினைவிருக்கும். இதற்கென்றே சக்கரங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு படப்பிடிப்புக்குக் கொண்டுபோவாராம். எனக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது என்றெல்லாம் தோன்றவில்லை. சலிப்பு தாங்காத ஒரு மனிதர் என்று மட்டும் தோன்றுகிறது. அந்தச் சலிப்புதான் பிறகு 1950இல் 'கன் கிரேஸி' படத்தில், காரின் பின்சீட்டிலேயே கேமராவை உட்காரவைத்து, ஒரு வங்கிக் கொள்ளையை வெட்டே இல்லாமல் ஒரே மூச்சில் எடுக்க வைத்தது. வங்கிக்குள்ளே என்ன நடந்தது என்று நாம் பார்ப்பதே இல்லை. வெளியே காருக்குள் காத்திருக்கிறோம். உள்ளே போனால் செலவு. வெளியே காத்திருந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, செலவும் மிச்சம்.

சரி, டெக்சாஸுக்கு வருவோம்.

ஊர் பெயர் பிரெய்ரி சிட்டி. அங்கே மெக்னீல் என்று ஒரு பெரும்புள்ளி. சுற்றுவட்டாரத்தில் விவசாயம் செய்யும் குடும்பங்களை எல்லாம் நிலத்தை விட்டுக் கிளப்பப் பார்க்கிறார். காரணம், மண்ணுக்கு அடியில் எண்ணெய். மெக்னீலாக நடித்தவர் செபாஸ்டியன் கபோட், இங்கிலாந்துக்காரர். குரலைக் கேட்டால் எங்கேயோ கேட்டமாதிரி இருக்கும். 1967இல் வந்த டிஸ்னியின் 'ஜங்கிள் புக்' கார்ட்டூனில் பகீராவுக்குக் குரல் கொடுத்தவர் இவர்தான். தாடியும் தொந்தியுமாக, ஓட்டல் அறையில் சுகமாக உட்கார்ந்துகொண்டு ஊரையே காலிசெய்யத் திட்டம் போடுகிறார். அவர் கூப்பிட்டு அனுப்பிய கூலிக் கொலையாளி ஜானி கிரேல். தலை முதல் கால் வரை கறுப்பு. வலது கை போய்விட்டது; அந்த இடத்தில் இரும்புக் கை, அதன்மேல் கறுப்புக் கையுறை. இடக்கையால் சுடுகிறான்.

இவர்கள் இருவரும் பழைய கூட்டாளிகள். முதல் சந்திப்பிலேயே ஒரு சங்கடம் தெரிகிறது. மெக்னீலுக்கு இப்போது பத்திரம், நீதிமன்றம், வியாபாரம் என்று பேசும் ஆசை வந்துவிட்டது. கிரேல் போன நூற்றாண்டு ஆள். அவனைப் பார்க்கும்போது, பெரிய கடை வைத்துவிட்ட முதலாளி தன்னோடு சைக்கிளில் துணி விற்ற பழைய சிநேகிதனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். கிரேல் அதைக் கவனிக்கிறான், ஒன்றும் சொல்வதில்லை. நெட்ரிக் யங் என்பவர் இந்த வேடத்தைச் செய்திருக்கிறார். குரலை உயர்த்துவதே கிடையாது. களைத்துப்போன ஒரு குமாஸ்தா மாதிரி பேசுகிறார். கொலை அவருக்கு உத்தியோகம், உத்தியோகத்தில் இப்போது கொஞ்சம் மந்தம்.

நிலத்தை விட மறுக்கும் ஸ்வென் ஹான்சன் என்ற ஸ்வீடன்காரக் கிழவரைக் கிரேல் சுட்டுக் கொல்கிறான். பார்த்தவர்கள் உண்டு. பக்கத்து நிலத்து மெக்சிகோக்காரன் ஹோசேயும் அவன் சின்ன மகனும். ஹோசேயின் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. வாயைத் திறந்தால் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். திறக்கவில்லை. இந்த நிலையில்தான் கிழவரின் மகன் ஜார்ஜ், பத்தொன்பது வருடம் கழித்து அப்பாவைப் பார்க்கலாம் என்று ரயிலில் வந்து இறங்குகிறான். திமிங்கில வேட்டைக் கப்பல்களில் வேலை பார்த்த மாலுமி. ஸ்டெர்லிங் ஹேடன். ஆறடி ஐந்தங்குலம். அப்பா எங்கே என்று கேட்டால் ஊரில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நிலம் அவனுடையது இல்லை என்கிறார்கள். அடித்து ரயிலில் ஏற்றிவிடுகிறார்கள். இறங்கித் தண்டவாளத்தோடு நடந்தே திரும்பி வருகிறான்.

கதையாகச் சொன்னால் இவ்வளவுதான். நிலம் பிடுங்கும் பண்ணையார், அடியாள், வெளியூரிலிருந்து வரும் மகன். நமக்கு இதைவிடப் பழக்கமான கதை வேறு ஏது?

இனி டைட்டிலைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். திரைக்கதை: பென் எல். பெர்ரி. அது கடன் வாங்கிய பெயர். எழுதியதில் பெரும்பங்கு டால்டன் ட்ரம்போ.

1947இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு ஒன்று ஹாலிவுட்காரர்களைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டது: நீ கம்யூனிஸ்டா, அல்லது எப்போதாவது கம்யூனிஸ்டாக இருந்தாயா? பதில் சொல்ல முடியாது என்று நின்ற பத்துப் பேரில் ட்ரம்போவும் ஒருவர். நாடாளுமன்றத்தை அவமதித்தார் என்று தண்டனை. 1950இல் கென்டக்கியில் உள்ள ஆஷ்லண்ட் சிறைக்குப் போய்ப் பத்து மாதம் இருந்துவிட்டு வந்தார். ஸ்டூடியோக்கள் கூடிப் பேசி, இவர்களுக்கு வேலை இல்லை என்று கதவைச் சாத்தின. அந்தக் கறுப்புப் பட்டியல் வருடத்துக்கு வருடம் நீண்டது. பட்டியலில் உள்ளவர்கள் எழுதாமல் இல்லை. எழுதினார்கள், இன்னொருவர் பெயரில், கால்வாசிக் கூலிக்கு. 'ரோமன் ஹாலிடே' கதை ட்ரம்போவுடையது. ஆஸ்கர் போனது அவருக்குப் பெயர் கொடுத்த நண்பருக்கு. 'தி பிரேவ் ஒன்' கதைக்காக 1957இல் ராபர்ட் ரிச் என்பவருக்கு ஆஸ்கர் அறிவித்தார்கள். அரங்கத்தில் அப்படி ஒருவர் எழுந்து வரவே இல்லை. ட்ரம்போவின் புனைபெயர் எப்படி எழுந்து வரும்? மேலே சொன்னேனே, லூயிஸின் 'கன் கிரேஸி', அதிலும் ட்ரம்போவின் கை உண்டு. அங்கேயும் வேறு பெயர்தான்.

அடுத்து நெட்ரிக் யங். வில்லன். இவரும் கறுப்புப் பட்டியல்காரர். நடிகர் மட்டுமல்ல, திரைக்கதை எழுதுபவரும்கூட. குழுவின் முன் ஒத்துழைக்க மறுத்து வேலையை இழந்தவர். இந்தப் படத்துக்கு லூயிஸை இழுத்து வந்ததே நண்பராகிய இவர்தான். லூயிஸ் ஏற்கெனவே ஒரு மாரடைப்பைப் பார்த்தவர், சினிமாவை விட்டு ஒதுங்கும் முடிவில் இருந்தார். இது அவருடைய கடைசித் திரைப்படம். வீட்டுக்குப் போகிறவனை யார் மிரட்ட முடியும்?

மூன்றாமவர், நாயகன் ஸ்டெர்லிங் ஹேடன். இவர் கதைதான் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. நடிகராவதற்கு முன் நிஜமாகவே மாலுமி. பதின்வயதில் வீட்டை விட்டு ஓடிப் படகேறியவர், நியூ இங்கிலாந்து மீன்பிடிப் படகுகளில் உழைத்தவர், இருபத்திரண்டு வயதில் ஒரு பாய்மரக் கப்பலுக்குத் தலைவனாகித் தாஹிதி வரை ஓட்டிப் போனவர். இரண்டாம் உலகப்போரில் யுகோஸ்லாவியக் கொரில்லாப் படைகளுக்கு ஆயுதம் கொண்டு சேர்க்கும் வேலை. அவர்களோடு பழகிய ஈர்ப்பில், திரும்பி வந்து 1946இல் கொஞ்ச காலம் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார். 1951 ஏப்ரலில் அதே விசாரணைக் குழுவின் முன் உட்கார்ந்து, கட்சியில் தனக்குத் தெரிந்தவர்களின் பெயர்களைச் சொன்னார். வேலை தப்பித்தது. பெயர் சொல்லப்பட்டவர்களுக்குத் தப்பவில்லை. 1963இல் வந்த சுயசரிதையில் அந்த நாளைப் பற்றித் தன்மேல் தனக்கிருந்த அருவருப்பை அவர் ஒளிக்கவே இல்லை.

இந்த மூவரும் ஒரே படத்தில். பெயர் சொல்ல மறுத்துச் சிறை போனவர் எழுதுகிறார். பெயர் சொல்ல மறுத்து வேலை போனவர் வில்லனாக நிற்கிறார். பெயர் சொல்லிவிட்டு வந்தவர் நாயகனாகத் தோளில் ஈட்டியோடு நடக்கிறார். படப்பிடிப்பில் மதியச் சாப்பாட்டுக்கு எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பத்து நாள்தான், பேச நேரம் இருந்திருக்காது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பின்னணி தெரிந்தவர்கள் உடனே சொல்வது: இது கறுப்புப் பட்டியல் காலத்தைப் பற்றிய உருவகக் கதை, பயந்து வாய்மூடிக் கிடக்கும் ஊர்தான் ஹாலிவுட். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் முறை பார்த்தபோது அது சரியாகப் பொருந்தவில்லை. ட்ரம்போவும் யங்கும் எதற்காகத் தண்டனை பெற்றார்கள்? பேசாததற்கு. குழு கேட்டது, வாய் திறக்கவில்லை. அவர்கள் வாழ்க்கையில் மௌனம்தான் வீரம். ஆனால் அவர்கள் எடுத்த படத்தில் மௌனம் கோழைத்தனமாக இருக்கிறது. ஹோசே வாய் திறந்து, "நான் பார்த்தேன்" என்று சொல்வதுதான் படத்தின் உச்சம். இது தலைகீழ் அல்லவா?

இந்த முடிச்சில் வெகுநாள் நின்றேன். நான்கு வருடம் முன்னால், 1954இல், எலியா கசான் 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' எடுத்தார். அவரும் குழுவின் முன் பெயர் சொன்னவர். அவருடைய நாயகன் துறைமுக ரவுடிகளுக்கு எதிராக விசாரணையில் சாட்சி சொல்லி வீரனாகிறான். காட்டிக்கொடுப்பவனும் நாயகன்தான் என்று அந்தப் படம் வாதாடியது. ட்ரம்போ அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தாரா, தெரிந்துகொள்ள வழியில்லை. என் மனசுக்கு இது பதில் மாதிரிதான் படுகிறது. ஹோசே உண்மையைச் சொல்வது எந்தக் குழுவிடமும் இல்லை, ஷெரீஃபிடமும் இல்லை. இந்த ஊர் ஷெரீஃப் யாருடைய ஆள் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். செத்துப்போனவரின் மகனிடம், நேருக்கு நேர் சொல்கிறான். மேலே இருப்பவனிடம் பக்கத்து வீட்டுக்காரனின் பெயரைச் சொல்வதும், பக்கத்து வீட்டுக்காரனிடம் மேலே இருப்பவனின் பெயரைச் சொல்வதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நாக்கைத்தான் அசைக்க வேண்டும், ஆனால் ஒன்றுக்குச் சம்பளம் உண்டு, இன்னொன்றுக்குக் குண்டு.

அந்தக் குண்டு வரும் காட்சியில்தான் என் சிரிப்பு நிற்கிறது. ஹோசே சாட்சி என்று தெரிந்து கிரேல் வருகிறான். வேலை சுலபம் என்று நினைத்துதான் வருகிறான். இத்தனை வருடமாக அவன் எதிரே நின்றவர்கள் எல்லாருடைய கண்ணிலும் ஒன்றைப் பார்த்திருக்கிறான். அதைப் பார்ப்பதுதான் அவன் வேலையின் பாதி. கெஞ்சுவார்கள், பின்வாங்குவார்கள், அல்லது துப்பாக்கியை எடுக்கப் பார்ப்பார்கள். ஹோசே எதையும் செய்வதில்லை. பயமில்லை என்று வீரவசனமும் பேசவில்லை. நீ சுடுவாய், நான் சாவேன், அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்கிற மாதிரி நிற்கிறான். அதுவரை வாய்திறக்கப் பயந்து கிடந்த அதே ஆள். விக்டர் மில்லன் என்ற நடிகர் அந்த நிற்பை அவ்வளவு அடக்கமாகச் செய்திருக்கிறார். கேமரா அவரை விட்டுவிட்டு யங்கின் முகத்தைக் கவனிக்கும்போதுதான் தெரிகிறது, பயப்படுவது யார் என்று.

கிரேல் சுடுகிறான். சுட்டுவிட்டுத் திரும்பி வந்து அதையே பேசுகிறான். சாவதற்குப் பயப்படாத ஒருத்தனைப் பார்த்தேன் என்று. கேட்பவர்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஒரு தச்சன், உளி இறங்காத ஒரு மரத்தை முதன்முதலாகப் பார்த்துவிட்டு வந்தால் எப்படிப் பேசுவான், அப்படி. அவனுடைய கருவி துப்பாக்கி அல்ல, மற்றவர்களின் பயம்தான் என்று அந்த நிமிடம் அவனுக்கே விளங்குகிறது. அதற்கப்புறம் அவன் இடக்கை பழைய இடக்கை இல்லை.

இதை எழுதியவர் சிறையிலிருந்தவர், நடித்தவர் பட்டியலில் இருந்தவர். மிரட்டலைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர்களால்தான் மிரட்டுகிறவனின் முகத்தை இவ்வளவு துல்லியமாகப் போட முடியும். யங் அந்தக் கிரேலை வெறுத்து நடிக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு அதிகாரியை நினைத்துக்கொண்டு நடித்தவர் மாதிரி இருக்கிறார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள். ஹேடனின் ஸ்வீடன் உச்சரிப்பு வரும், போகும். ஒரு காட்சியில் ஸ்டாக்ஹோமிலிருந்து இறங்கியவர், அடுத்த காட்சியில் கலிஃபோர்னியா. மெக்னீலின் அடியாட்களுக்கு ஆளுக்கு ஒரு முகபாவம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். கிரேலோடு வாழும் மோலி என்ற பெண் பாத்திரம் நன்றாகத் தொடங்கிப் பாதியில் கைவிடப்படுகிறது. கரோல் கெல்லி முகத்தில் இருந்த சோர்வுக்கு இன்னும் இரண்டு காட்சி கொடுத்திருக்கலாம். கடைசி மோதலின் ஒரு துண்டை எடுத்துப் படத்தின் தொடக்கத்திலேயே ஒட்டிவிட்டார்கள். துணிச்சலான உத்தி என்றும் சொல்லலாம், ஒரே காட்சியை இரண்டு முறை ஓட்டி நிமிடத்தைத் தேற்றியது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மையாக இருக்கும்.

ஆனால் காசில்லாதது சில இடங்களில் நல்லதாகவே போயிருக்கிறது. இசை ஜெரால்ட் ஃப்ரைட். குப்ரிக்கின் 'தி கில்லிங்' படத்துக்கு இசையமைத்தவர், அந்தப் படத்துக்கும் ஹேடன்தான் நாயகன். இங்கே பெரிய வாத்தியக் கோஷ்டிக்கு வழியில்லை. ட்ரம்பெட்டும் கிதாரும் தனித்தனியாக, காய்ந்து போன ஒலியில் வருகின்றன. வயலின்கள் பொங்கி வழியும் அந்தக்கால வெஸ்டர்ன் இசைக்கு நடுவே இது ஆறேழு வருடம் முன்கூட்டியே வந்துவிட்ட இத்தாலிப் படம் மாதிரி காதில் விழுகிறது. ஒளிப்பதிவு ரே ரென்னஹன். 'கான் வித் தி விண்ட்' வண்ணத்துக்காக ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்டவர், டெக்னிகலர் வித்தகர். அவரைக் கூட்டிவந்து கறுப்பு வெள்ளையில், பத்து நாளில் எடு என்றிருக்கிறார்கள். லூயிஸும் அவருமாகக் காட்சிகளை நீளமாக வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் கிட்டே, இன்னொருவர் அறையின் கோடியில், கேமரா அசைவதில்லை, நடிகர்கள் அதற்குள் நடந்து முடிக்கிறார்கள். ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் விளக்கை மாற்றிவைக்கும் நேரம் மிச்சம். பார்க்கும் நமக்கோ, எதிரே இருப்பவன் எப்போது அசைவான் என்று கண் அந்தக் கோடியிலேயே கிடக்கும்.

ஒரு வேடிக்கையான ஒற்றுமை. அதே 1958இல் அதே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் 'தி பிக் கன்ட்ரி' என்ற படத்தையும் வெளியிட்டது. வில்லியம் வைலர் இயக்கம், கிரெகரி பெக் நாயகன், அகலத்திரை, வண்ணம், 166 நிமிடம். அதிலும் கடலிலிருந்து வந்த ஒருவன், கப்பல் தலைவன், மேற்கே வந்து அந்த ஊர் வீரத்தில் சேராமல் தனித்து நிற்கிறான். அந்தப் படம் எனக்கும் பிடிக்கும். அதில் வானம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, பார்த்து முடித்தபின் ஒரு நல்ல உல்லாசப் பயணம் போய்வந்த நிறைவு இருக்கிறது. பாதி நீளம்கூட இல்லாத இந்த மாலுமிப் படம் முடியும்போது உல்லாசம் ஒன்றும் இல்லை, உள்ளங்கை ஈரமாக இருக்கிறது.

இது வெளியானபோது பி வெஸ்டர்னுக்கு ஏற்கெனவே காரியம் முடிந்துவிட்டிருந்தது. 1948இல் உச்ச நீதிமன்றம் ஸ்டூடியோக்களின் தியேட்டர் ஏகபோகத்தை உடைத்தது. பெரிய படத்தின் தலையில் சின்னதைக் கட்டி விற்க முடியாமல் போயிற்று. மிச்சத்தைத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டது. 1958-59இல் அமெரிக்க வீடுகளில் இரவு நேரத் தொடர்களில் வெஸ்டர்ன்கள் மட்டும் இரண்டு டஜனுக்கு மேல் ஓடின. வீட்டிலேயே இனாமாகக் குதிரை ஓடும்போது காசு கொடுத்து யார் பார்ப்பார்கள்? லூயிஸும் அங்கேதான் போனார். 'தி ரைபிள்மேன்' தொடருக்கு ஏராளமான பகுதிகள் இயக்கிவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டார்.

யங்குக்கு அதே 1958இல் ஒரு விநோதம் நடந்தது. புனைபெயரில் அவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய 'தி டிஃபையன்ட் ஒன்ஸ்' வெளியானது. அதன் தொடக்கத்தில் ஒரு லாரி வரும். முன்சீட்டில் இரண்டு பேர். எழுத்தாளர் பெயர்கள் திரையில் வரும்போது சரியாக அந்த இருவர் முகத்தின் மீது வந்து உட்காரும். உட்கார்ந்திருப்பவர்கள் அந்த எழுத்தாளர்களேதான். யங்கின் பெயர் பொய், முகம் நிஜம். பட்டியலில் உள்ளவர்களுக்கு ஆஸ்கர் கிடையாது என்று அகாதமி இரண்டு வருடம் முன்பு விதி போட்டிருந்தது. 1959 ஜனவரியில் அதை ரத்துசெய்தார்கள். ஏப்ரலில் யங் மேடையேறி ஆஸ்கரை வாங்கினார். ட்ரம்போவின் பெயர் திரையில் மறுபடி வர 1960 ஆயிற்று.

ஹேடன்? 1959இல், நீதிமன்றம் கூடாது என்று சொல்லியும் கேட்காமல், தன் நான்கு பிள்ளைகளையும் பாய்மரக் கப்பலில் ஏற்றிக்கொண்டு தாஹிதிக்குக் கிளம்பிவிட்டார்.

மகளுக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள், அடுத்த நாள் அவளுக்குக் கணக்குப் பரீட்சை. ஆனால் ஹோசே காட்சிக்கு அப்புறம் அவள் போனை எடுக்கவில்லை என்பதைக் கவனித்தேன். கடைசியில் அதே தெரு, அதே நடை. கிரேல் ஹேடனை இன்னும் கிட்டே வா, வா என்று கூப்பிடுகிறான். ஈட்டியைத் தூக்கிப் பிடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள்; நடிகர்கள் ஈட்டியைக் கொடிக்கம்பம் மாதிரி பிடிப்பார்கள். இவர் அதன் பாரம் எங்கே இருக்கிறதோ அங்கே பிடித்திருக்கிறார். மீன்பிடிப் படகில் இருந்த கை.

ஈட்டி பாய்ந்தது. மகள் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"பின்னாடியே அவ்ளோ பேர் வந்தாங்களே, அவங்க ஏன்ப்பா கிட்ட வரல?"

"வந்ததே பெரிசு" என்றேன்.

அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ரிமோட்டை வாங்கி, கொஞ்சம் பின்னால் ஓட்டி, அந்த ஜனங்களை மட்டும் இன்னொரு முறை பார்த்தாள்.